அடுத்து எந்தக் கல்லூரி அம்போவென்று நிற்கும்? கணிக்க ஒரு வழி

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் யார் லீக் தாவுவார்கள், யார் நடுத்தெருவில் நிற்பார்கள் என்று தெரிய வேண்டுமா? ஸ்கோரை விடுங்கள், முதலில் லீகின் டிவி ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். பேக்-12 என்ற 12 கல்லூரிகளின் லீகுக்கு அது 2024இல் முடிந்தது. 2022 ஜூனிலேயே அதிலிருந்த லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரிகளான யூஎஸ்சியும் யூசிஎல்ஏவும் பிக் டென் என்ற இன்னொரு லீகுக்குப் போவதாக அறிவித்துவிட, அடுத்த ஆண்டு மற்றவையும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ள, 12இல் மிஞ்சியது ஒரேகான் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும்தான்.

அப்புறம் ஊரைப் பாருங்கள். ஒரேகான் ஸ்டேட் 2022இல் 10 ஆட்டம் ஜெயித்த அணி. ஆனால் அது இருக்கும் கார்வாலிஸ் சின்ன ஊர், டிவிக்காரர்களுக்கு அது போதாது (அநியாயம்தான்).

கடைசியாக, மிஞ்சியவர்கள் கையில் என்ன இருக்கிறது? இந்த இரண்டும் கோர்ட்டுக்குப் போய் லீக் நிர்வாகத்தைக் கையில் வாங்கி, அணி குறைந்துபோன லீகுக்கு என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) தரும் இரண்டாண்டு அவகாசத்துக்குள் பாய்சி ஸ்டேட் மாதிரி அணிகளை 2026க்கு இழுத்துப்போட்டன.