ஏரிக்கரைக் கசிவு: முதலில் நிறத்தைப் பாருங்கள்

செம்பரம்பாக்கம், புழல், சோழவரம் எல்லாம் மண்கரை ஏரிகள். மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசியும் தண்ணீர் கரையின் மண்ணையும் இழுத்து வருகிறதா என்பதுதான் கேள்வி.

1. ஏரி நிறைந்து, மழை விட்டு இரண்டு மூன்று நாள் ஆனபின் போங்கள். இல்லாவிட்டால் மழைநீரைக் கசிவென்று நினைப்பீர்கள். பெரிய ஏரிகளுக்கு அனுமதி வேண்டும். பழக ஊர்ச் சிற்றேரி போதும்.

2. கரையின் வெளிப்பக்க அடிவாரத்தில் நடங்கள். கரைமேல் நடந்தால் காற்று வாங்கலாம், அவ்வளவுதான். ஓரிடத்தில் மட்டும் கோரை செழித்திருக்கிறதா? நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன மரத்தின் வேர் இருக்கிறதா? மதகுக் குழாய் கரையைக் கடக்கும் இடத்தில் நிதானமாக நில்லுங்கள். குழாயை ஒட்டி மண்ணைக் கெட்டிப்படுத்துவது கடினம். தண்ணீர் அந்த இடுக்கைத்தான் தேடும்.

3. கசிவு நீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மண் படிந்தால் உள்ளே அரிப்பு நடக்கிறது. முதல்முறை என் செருப்பு கிளப்பிய சேற்றைப் பிடித்துவிட்டு நானே பயந்திருக்கிறேன். ஒருநாள் தெளிவாக வந்தால் நிம்மதி வேண்டாம், அரிப்பு விட்டுவிட்டும் நடக்கும்.

4. கசிவு ஓடும் வாய்க்காலில் 90 டிகிரி முக்கோண வெட்டுள்ள பலகையை நடுங்கள். வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் 5 செ.மீ. நின்றால் வெட்டு வழியாக நொடிக்குச் சுமார் 0.8 லிட்டர் கசிவு ஓடுகிறது, 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர். உயரத்தைப் பலகைக்குச் சற்று முன்னால் அளக்க வேண்டும். பக்கத்தில் ஏரி மட்டத்தையும் எழுதுங்கள். மட்டம் ஏறாமல் கசிவு மட்டும் ஏறினால் கெட்ட சகுனம்.

5. கலங்கி வந்தால் உடனே நீர்வளத்துறைக்குப் போன் செய்யுங்கள். அமெரிக்காவின் டீட்டன் அணையில் 1976 ஜூன் 5 காலை சேற்றுநீர் கசிந்தது. நண்பகலுக்குள் அணை உடைந்துவிட்டது.

சரி, ஆள் வரும்வரை ஓட்டையைக் களிமண்ணால் அடைக்கலாமா? கூடவே கூடாது. உள்ளே அழுத்தம் ஏறி, தண்ணீர் வேறு வாய் திறக்கும். தண்ணீர் வெளியேறட்டும், மண் தங்கட்டும். அதற்குத் துறையினர் கசியும் இடத்தில் முதலில் மணல், அதன்மேல் ஜல்லி, கனத்துக்குக் கல் என்று அடுக்குவார்கள். தரையிலிருந்து மணலோடு ஊற்று கொப்பளித்தால் சுற்றி மணல்மூட்டைகளை வளையமாக வைத்து, உள்ளே நீர்மட்டம் ஏறவிடுவார்கள். மணல் வருவது நின்றால் போதும், அதற்குமேல் உயர்த்துவதில்லை.