நுழைவுத் தேர்வு முடிந்ததும் நண்பர்களோடு விடை சரிபார்ப்பது எப்படி?

தேர்வு அறையை விட்டு வெளியே வந்த அடுத்த நிமிடமே "அந்தக் கடைசிக் கணக்குக்கு நீ என்ன போட்ட?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். இதைத் தடுக்க முடியாது. தடுக்கவும் வேண்டாம். ஒழுங்காகச் செய்தால் மதிப்பெண் எவ்வளவு வரும் என்று ஓரளவு தெரிந்துவிடும், எந்தக் கேள்வியை எதிர்த்து முறையிடலாம் என்பதும் பிடிபடும். மனம்போன போக்கில் செய்தால்தான் நல்லா எழுதிய பிள்ளைகூட அழுதுகொண்டே வீட்டுக்குப் போகும்.

இன்னொரு தாள் பாக்கி இருக்கிறதா? அப்படியானால் இப்போதைக்குப் பேச்சே வேண்டாம், எல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்துவிட்டது என்றால், யாரிடமும் பேசுவதற்கு முன்னால் தனியாக உட்கார்ந்து உங்களுக்கு நினைவிருக்கும் விடைகளை எழுதிவிடுங்கள். இதைத் தவறவிடாதீர்கள், ஏனென்றால் நண்பர் அடித்துச் சொல்லும் விடையைக் கேட்ட பிறகு, நாமும் அதைத்தான் போட்டோம் என்று நமக்கே தோன்ற ஆரம்பித்துவிடும், அப்புறம் எது நம் நினைவு, எது காதில் விழுந்தது என்று பிரிக்கவே முடியாது. ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் 'உறுதி', 'சந்தேகம்', 'குத்துமதிப்பு' என்று ஏதாவது ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்ட கேள்விகளையும் எழுதுங்கள்.

பேசும்போது "பி போட்டேன், சி போட்டேன்" என்று பேசாதீர்கள். நீட் போன்ற தேர்வுகளில் வினாத்தாளின் குறியீட்டு எண் (கோட்) மாறினால் கேள்வி வரிசையும் மாறும், அதனால் உங்கள் 52வது கேள்வி அவருக்கு வேறு எங்கோ இருக்கும். கேள்வியையும் விடையில் இருந்த வாசகத்தையும் சொல்லித்தான் ஒப்பிட வேண்டும். பொறியியல் படிப்புக்கான ஜேஇஇ மெயின் எழுதியவர்கள் ஒரே ஷிஃப்ட்டில், அதாவது அதே நாளில் அதே வேளையில், எழுதியவரோடு மட்டும் பேசுங்கள். வேறு ஷிஃப்ட்டுக்குக் கேள்விகளே வேறு, அங்கே மதிப்பெண்ணும் பெர்சன்டைலாகத்தான், அதாவது எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேர் உங்கள் அளவோ அதற்குக் கீழோ எடுத்தார்கள் என்ற கணக்காகத்தான், வரும். அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் சாட் (SAT) தேர்வின் விஷயம் இன்னும் வேறு. கணினியில் நடக்கும் இப்போதைய சாட்டில் முதல் பகுதியை எப்படிச் செய்தோம் என்பதைப் பொறுத்து இரண்டாவது பகுதி அமையும், ஒவ்வொரு பகுதியிலும் மதிப்பெண்ணில் சேராத 2 கேள்விகளும் கலந்திருக்கும். போதாக்குறைக்கு, கேள்விகளை வெளியே பகிர்வதே அங்கே விதிமீறல், மதிப்பெண்ணையே ரத்து செய்துவிடவும் கூடும். சாட் எழுதியவர்கள் இந்த வேலையை விட்டுவிடுவதே நல்லது.

இனி முக்கியமான இடம். விடை மாறுபட்டால் கை தூக்கச் சொல்லி எண்ணாதீர்கள். ஐந்து பேரில் நான்கு பேர் ஒரே விடையைச் சொல்வதால் அது சரியாகிவிடாது, நால்வரும் ஒரே பொறியில் விழுந்திருக்கலாம். 1982ல் நடந்த சாட் தேர்வில் ஒரு கணக்கு வந்தது. சிறிய வட்டத்தின் ஆரம் பெரிய வட்டத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு. சிறியது பெரியதன் விளிம்பில் உருண்டு ஒரு முழுச் சுற்று முடிக்கும்போது எத்தனை முறை சுழன்றிருக்கும்? சுற்றளவு மூன்று மடங்கு, அதனால் 3 என்றுதான் யாருக்கும் தோன்றும், தேர்வு நடத்தியவர்களும் அதைத்தான் சரி என்று வைத்திருந்தார்கள். உண்மையான விடை 4, அது கொடுக்கப்பட்ட விடைகளிலேயே இல்லை. சிறிய வட்டத்தின் மையம் போகும் பாதையின் ஆரம், சிறிய ஆரத்தைப் போல 4 மடங்கு, அதனால்தான் ஒரு சுழற்சி கூடுகிறது. நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரே அளவுள்ள இரண்டு நாணயங்களை எடுத்து, ஒன்றை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றொன்றை அதைச் சுற்றி உருட்டிப் பாருங்கள், இரண்டு முறை சுழலும். சுமார் 3 லட்சம் பேர் எழுதிய தேர்வில் மூன்றே மாணவர்கள்தான் இந்தத் தவறை எழுதித் தெரிவித்தார்கள், கடைசியில் அந்தக் கேள்வியை மதிப்பெண் கணக்கிலிருந்தே நீக்கினார்கள்.

அதனால் "ஏன் இதைப் போட்ட?" என்று கேளுங்கள். காரணம் சொல்ல முடிந்தவர் சொல்லட்டும், பிறகு பாடப்புத்தகத்தைத் திறந்து அந்த வரியைப் பாருங்கள். எந்தப் பதிப்பு என்பதையும் பாருங்கள். 2024 நீட் இயற்பியலில் அணுக்கள் பற்றிய ஒரு கேள்வியில் இதுதான் பிரச்சினை. "ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் நிலையானது" என்று பழைய என்சிஇஆர்டி (மத்திய அரசின் பாடநூல்) புத்தகத்தில் இருந்ததால் இரண்டு விடைகளுக்கு மதிப்பெண் கொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், டெல்லி ஐஐடி நிபுணர்கள் ஒரே விடைதான் சரி என்று சொன்ன பிறகு, மற்ற விடையைப் போட்டவர்களுக்குக் கிடைத்த 4 மதிப்பெண் போய், நெகட்டிவ் 1 சேர்ந்து, மொத்தம் 5 குறைந்தது.

மதிப்பெண்ணை ஒற்றை எண்ணாகப் போடாதீர்கள். நீட்டில் 180 கேள்வி, சரிக்கு 4, தவறுக்குக் கழிவு 1. உறுதியாகச் சரி 130, சந்தேகம் 20, விட்டது 30 என்று வைத்துக்கொள்வோம். உறுதியானதற்கு 520. சந்தேகமான 20ம் தவறாகப் போனால் 500, எல்லாமே சரியாக இருந்தால் 600. இந்த 100 மதிப்பெண் இடைவெளியைக் குறைப்பதற்குத்தான் உட்கார்ந்து பேசுகிறோம், எனவே எல்லோரும் ஒப்புக்கொண்ட கேள்விகளில் நேரத்தைக் கழிக்காதீர்கள்.

இரண்டு மூன்று பேர் போதும். பெரிய வாட்ஸ்அப் குரூப்பில் சத்தமாகப் பேசுபவர் விடைதான் ஜெயிக்கும். கூட இருக்கும் ஒருவர் முகம் வாடினால் அங்கேயே நிறுத்துங்கள், அவருக்கு எத்தனை தப்பு என்று எண்ணிச் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

தற்காலிக விடைக்குறிப்பு வந்ததும், உங்கள் ஓஎம்ஆர் தாளின் (வட்டங்களை நிரப்பிய விடைத்தாளின்) நகலையும் பதிவான விடைகளையும் இறக்கிக்கொண்டு முதலிலிருந்து சரிபாருங்கள், நினைவிலிருந்து எழுதிய தாள் இனி தேவையில்லை. விடைக்குறிப்பே தவறு என்று தோன்றும் கேள்விக்கு மட்டும் முறையிடுங்கள், கேள்விக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. புத்தகத்தின் பக்கத்தை ஆதாரமாகக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி நாள் வரை இழுக்காமல் முடித்துவிடுங்கள், சில நாட்கள்தான் அவகாசம் தருவார்கள். அது முடிந்ததும் கல்லூரிப் பட்டியலை எடுங்கள்: குறைந்த மதிப்பெண்ணுக்கு எவை கிடைக்கும், அதிக மதிப்பெண்ணுக்கு எவை கிடைக்கும் என்று இரண்டு பட்டியல்.