மாயக் கதவு எத்தனையாவது நிமிடத்தில் திறக்க வேண்டும்? பிடித்த நாவலைக் குடும்பப் படமாக்கும் வழி

நாவலை முதலில் சத்தமாகப் படியுங்கள். ஒன்லைன், அதாவது ஒவ்வொரு காட்சியையும் ஒரே வரியில் எழுதும் பட்டியல், போடுவதற்கும் முன்னால், எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை உள்ள நாலைந்து பிள்ளைகளை மொட்டை மாடியில் உட்கார வைத்து, ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் என்று வாசித்துக் காட்டுங்கள். கையில் ஒரு பென்சில் இருக்கட்டும். எந்த இடத்தில் பாயின் ஓரத்தைப் பிய்க்க ஆரம்பிக்கிறார்கள், எந்த இடத்தில் 'அப்புறம்?' என்று கேட்கிறார்கள், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சாலிகிராமத்தில் கதை டிஸ்கஷனுக்கு எடுத்திருந்த வீட்டு மாடியில் நாங்கள் இதைச் செய்தபோது, எப்பாடு பட்டாவது படத்தில் கொண்டுவந்துவிட வேண்டும் என்று நினைத்திருந்த போர்க்காட்சியின் நடுவில் ஒரு பையன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். இரண்டே வரியில் வந்துபோகிற ஒரு ஊமை ஆந்தையைப் பற்றி மறுநாளும் அதற்கு மறுநாளும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். திரைக்கதையில் அந்த ஆந்தைக்கு ஆறு சீன் கிடைத்தது.

அதோடு சேர்த்து உரிமை விஷயத்தையும் முடித்துவிடுங்கள், எழுத ஆரம்பித்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடங்களுக்கு உரிமை இருக்கும். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் சட்டம் அதை 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளும். கிராபிக்ஸ் நிறைய உள்ள படத்துக்கு அது போதாமல் போகலாம், அதனால் எத்தனை வருடம் என்று எழுதி வாங்குங்கள். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய, அதாவது யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று பொதுவாக்கிய நூல் என்றால் இந்தக் கவலை இல்லை. வெளிநாட்டு நாவலுக்கு உரிமைக்காலம் முடிந்திருந்தாலும் நீங்கள் படித்த தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருக்கும், அதிலிருந்து வரிகளை எடுக்காதீர்கள். நான் வேலை பார்த்த ஒரு குழு, மறைந்த எழுத்தாளரின் மூத்த மகனிடம் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு எட்டு மாதம் எழுதியது. வெளியூரில் இருந்த மகளுக்கு விஷயம் பிறகுதான் தெரிந்தது, நோட்டீஸ் வந்தது, அவர் பக்கம்தான் நியாயம், வேலை நின்றுபோனது. வாரிசுச் சான்றிதழில் எத்தனை பெயரோ அத்தனை கையெழுத்து வேண்டும்.

சரி, இனி முக்கியமான வேலைக்கு வருவோம். நல்ல மாயக்கதை எல்லாவற்றிலும் மாயத்துக்கு ஒரு விலை இருக்கும். அந்த விலையைக் கண்டுபிடித்து ஒரே வரியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அது கைக்கு வராதவரை சீன் ஆர்டர் (காட்சிகளின் வரிசை) போடாதீர்கள்.

ஒரு கதையை வைத்துக்கொண்டு பேசினால் எளிதாக இருக்கும். ராயபுரத்தில் பாட்டியோடு இருக்கிற பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. தாத்தாவின் தகரப்பெட்டியில் ஒரு சாவி கிடைக்கிறது. தெருவில் கரண்ட் போகிற நேரத்தில் மட்டும் அந்தச் சாவி ஒரு கதவைத் திறக்கும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அவள் காதிலிருந்து ஒரு சத்தம் போய்விடும். முதலில் காசிமேட்டுப் படகுகளின் மோட்டார் சத்தம், அப்புறம் காக்கை. நாவலில் எழுத்தாளர் இதை இரண்டு பக்கத்துக்கு அவள் மனதுக்குள் புகுந்து எழுதியிருப்பார், படிக்கும்போது தொண்டை அடைக்கும். அதை அப்படியே வாய்ஸ் ஓவராக வைத்தால் தியேட்டரில் ஒன்றும் நடக்காது.

இப்படி யோசியுங்கள். இந்தப் பாட்டி பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். சாப்பாடு தயார் என்றால் எவர்சில்வர் டம்ளரைச் சமையல் மேடையில் இரண்டு தடவை தட்டுவார். படத்தின் நாலாவது நிமிடத்தில் டக், டக். சிறுமி மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடி வருகிறாள். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் டக், டக், வருகிறாள். மூன்றாவது தடவை கதவைத் திறந்துவிட்டுத் திரும்பியபிறகு, அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள்; பக்கத்து வீட்டு குக்கர் விசில் கேட்கிறது, ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கிறது; பின்னால் பாட்டியின் கை டம்ளரைத் தட்டுகிறது, அந்தச் சத்தம் மட்டும் இல்லை. நமக்கும் கேட்கவில்லை. அவள் தலை நிமிரவில்லை. பாட்டி இன்னும் ஓங்கித் தட்டுகிறார், டம்ளரில் இருந்த தண்ணீர் மேடையில் சிந்துகிறது. அப்புறம் டம்ளரைக் கையில் பிடித்தபடியே வாசற்படியில் வந்து நின்று பார்க்கிறார். இந்த இடத்தில் வசனம் வேண்டாம், பின்னணி இசைகூட வேண்டாம். ஆறு வயதுக் குழந்தைக்கும் புரியும், கூட வந்த பாட்டிக்கும் புரியும்.

விலையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியில் ஒரு பாடம் இருக்கிறது. மிஹாயேல் எண்டே எழுதிய 'முடிவில்லாக் கதை' 1979-இல் வந்தது. அதன் இரண்டாம் பாதியில் பையன் ஆசைப்படுவதெல்லாம் நடக்கும், ஒவ்வொரு ஆசைக்கும் அவனுடைய ஞாபகம் ஒன்று போகும். 1984-இல் வந்த படம் நாவலின் முதல் பாதியோடு ஏறக்குறைய நின்றுவிட்டது. பறக்கும் டிராகனைப் பார்த்துப் பிள்ளைகள் மகிழ்ந்தார்கள், ஆனால் எழுத்தாளர் அந்தப் படத்தை எதிர்த்து நீதிமன்றம்வரை போனார். எனக்கு அவருடைய கோபம் புரிகிறது.

மற்றவற்றை மாற்ற அவ்வளவு பயப்பட வேண்டாம். 1900-இல் வந்த 'ஓஸ்' நாவலில் டோரத்தி என்ற சிறுமியின் மாயக் காலணி வெள்ளி நிறம். 1939 படத்தில், டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறையில் பளிச்சென்று தெரிவதற்காக, அதைச் சிவப்பாக்கினார்கள். ஆனால் குதிகாலை மூன்று தடவை தட்டினால் வீட்டுக்குப் போகலாம் என்பதில் கை வைக்கவில்லை. நிறம், ஊர், வயது, உடை எல்லாம் மாறலாம், அந்தப் பொருள் கதையில் செய்கிற வேலை மாறக்கூடாது.

வெட்டுவது பற்றி. 400 பக்க நாவலைச் சத்தமாகப் படிக்கப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும், உங்கள் கையில் இருப்பது இரண்டு மணி பத்து நிமிடம். ஐந்தில் நான்கு பங்கு போய்த்தான் ஆக வேண்டும். எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளாதீர்கள், படம் டிரெய்லர் மாதிரி ஓடும், யார் மேலும் பிரியம் வராது. கிளைக்கதையை முழுசாக எடுத்துவிடுங்கள். 2001-இல் வந்த முதல் ஹாரி பாட்டர் படத்துக்கு, நாவலில் வருகிற பீவ்ஸ் என்ற குறும்புப் பேயாக நடிகர் ரிக் மேயலை நடிக்க வைத்துப் படம் பிடித்தார்கள், எடிட்டிங்கில் மொத்தமாக நீக்கினார்கள். அதற்குப் பிறகும் படம் 152 நிமிடம் ஓடுகிறது. ஒரே வேலையைச் செய்கிற மூன்று பாத்திரங்கள் இருந்தால் ஒன்றாக்குங்கள். எந்தச் சம்பவத்தை வைப்பது என்று குழப்பம் வந்தால் சுவரில் ஒட்டிய வரியைப் பாருங்கள், விலை கூடுகிற சம்பவம் இருக்கட்டும்.

கதவு இருபதாவது நிமிடத்துக்குள் திறந்துவிட வேண்டும். இடைவேளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று டிஸ்கஷனில் யாராவது சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். கதவைப் பார்க்கத்தான் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், அவர்களை ஒரு மணி நேரம் வெளியே நிற்க வைக்கக்கூடாது. இடைவேளைக்கு அந்தச் சத்தமில்லாத டம்ளர் போதும்.

வசனத்தில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நாவலில் சிறுமி 'நான் வந்துவிடுகிறேன் பாட்டி' என்று சொல்லியிருப்பாள், ராயபுரத்தில் அது 'வந்துர்றேன் ஆயா' என்றுதான் வரும். அது எளிது. கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எப்படிப் பேசுவார்கள்? செந்தமிழ் கொடுத்தால் பள்ளிக்கூட ஆண்டுவிழா நாடகம் ஞாபகம் வரும். நான் சாதாரணத் தமிழே கொடுத்து, ஒரே ஒரு வித்தியாசம் வைப்பேன்: அந்த ஊரில் யாருக்கும் 'இல்லை' என்ற சொல் தெரியாது. நடிகர்கள் அதை அழகாகப் பிடித்துக்கொள்வார்கள். வாசகர்கள் மனப்பாடமாகச் சொல்கிற மூன்று நான்கு வரிகள் இருக்குமே, அவற்றை மட்டும் ஒரு எழுத்துகூட மாற்றாமல் வையுங்கள்.

கிராபிக்ஸ் எத்தனை ஷாட் என்று எண்ணி எழுதுங்கள், கையால் செய்ய முடிந்ததைக் கையாலேயே செய்யுங்கள். 1957-இல் 'மாயாபஜார்' படத்துக்காக இதே வடபழனி வாகினி ஸ்டுடியோவில், கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத காலத்தில், ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி கேமரா தந்திரத்தால் கடோத்கஜனின் வாய்க்கு லட்டுகளைத் தானாகப் பறந்து போக வைத்தார். இன்றைக்கும் அந்த இடத்தில் குழந்தைகள் கைதட்டுகிறார்கள். எஸ்.வி. ரங்காராவின் முகத்தில் தெரிகிற சாப்பாட்டு ஆசை அதில் பாதி வேலையைச் செய்கிறது.

பயமுறுத்தும் காட்சிகளை எழுதும்போதே தணிக்கைச் சான்றிதழை நினைத்துக்கொள்ளுங்கள். யு என்றால் எல்லோரும் பார்க்கலாம், யு/ஏ என்றால் சிறுவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம்; 2024 விதிகளுக்குப் பிறகு யு/ஏ என்பது வயதுவாரியாக 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது, குடும்பப் படம் என்றால் யு அல்லது 7+ வாங்கும்படி எழுத வேண்டும். அரக்கனை முழுசாகக் காட்டுவதைவிட, அவனைப் பார்க்கிற பாட்டியின் கையில் சாவிக்கொத்து நடுங்குவதைக் காட்டினால் போதும்.

கடைசியாக, எத்தனை சீனில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று கணக்குப் போடுங்கள். சட்டப்படி ஒரு குழந்தை நாளைக்கு 5 மணி நேரம்தான் நடிக்கலாம், இடைவெளி இல்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் வைப்புநிதியாகப் போக வேண்டும். மாவட்ட ஆட்சியரிடம் முன்அனுமதியும் வேண்டும். நம் சிறுமி எல்லாச் சீனிலும் இருக்கிறாள், அதனால் மே மாத விடுமுறையில் ஷூட்டிங் என்றால் பள்ளித் தேர்வு தொடங்கும் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.