நுரையீரல் புற்றுநோய்: மாத்திரையைத் தேர்ந்தெடுக்கும் முன் சதைத்துண்டைக் காப்பாற்றுங்கள்

நுரையீரல் புற்றுநோய் வருபவர்களில் 100-க்குச் சுமார் 85 பேருக்கு இருப்பது ‘சிறுசெல் அல்லாத’ வகை. அதில் அடினோகார்சினோமா என்ற பிரிவுதான் அதிகம். புகைபிடிக்காதவர்களுக்கு வருவதும் பெரும்பாலும் இதுவே. கட்டியின் மரபணுவில் எந்த மாற்றம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், பலருக்குத் தினசரி மாத்திரையிலேயே சிகிச்சையைத் தொடங்கலாம். இந்தியாவில் இந்தப் பிரிவு நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, சில மருத்துவமனைக் கணக்குகளில் மூன்றில் ஒருவருக்கு, இ.ஜி.எஃப்.ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க நம் கையில் இருப்பது பயாப்சியில் கட்டியிலிருந்து எடுத்த, நூல் போன்ற சில சதைத்துண்டுகள் மட்டுமே. சிகிச்சை தடம் மாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

காசநோய் என்று காலம் கடத்த வேண்டாம்

எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும், சளியில் கிருமி இல்லாவிட்டாலும் காசநோய் மாத்திரை தொடங்கிவிடுவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. இதில் சில மாதங்கள் வீணாகின்றன. சளிப் பரிசோதனையிலும் மூலக்கூறு முறைச் சோதனையிலும் கிருமி இல்லை, நிழல் மட்டும் அப்படியே நிற்கிறது என்றால், சாய மருந்து செலுத்தி மார்பு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு நோயும் சேர்ந்து இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து, இந்தப் புற்றுநோய்க்கான ஜெஃபிடினிப், எர்லோடினிப், ஓசிமெர்டினிப் மாத்திரைகள் இரத்தத்தில் நிற்கும் அளவைக் குறைத்துவிடும்.

சதை எடுக்கும் நாள்

நுரையீரலின் ஓரத்தில் கட்டி இருந்தால் சி.டி. வழிகாட்டலில் ஊசி போட்டு எடுப்பார்கள். நடுப்பகுதியிலோ நிணநீர்க் கட்டியிலோ இருந்தால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி, அல்லது அதோடு அல்ட்ராசவுண்டும் சேர்ந்த இபஸ். மெல்லிய ஊசியால் உறிஞ்சி ஸ்லைடில் தேய்க்கும் எஃப்.என்.ஏ.சி. மட்டும் செய்தால் மரபணுச் சோதனைக்குச் சதை மிஞ்சாமல் போகலாம். 18 கேஜ் ஊசியில், பாதுகாப்பாக முடிகிற வரை, நான்கு முதல் ஆறு துண்டுகள் கேளுங்கள். மார்பில் நீர் கோத்திருந்தால், வடித்த நீரைக் கொட்டிவிடாமல் முழுவதையும் ஆய்வகத்துக்கு அனுப்பி, அதிலுள்ள செல்களைத் திரட்டி மெழுகில் பதிக்கும் ‘செல் பிளாக்’ செய்யச் சொல்லலாம். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எடுத்த துண்டு உடனே 10 சதவீத பஃபர் கலந்த ஃபார்மலினில் விழ வேண்டும். 6 முதல் 48 மணி நேரம் அதில் ஊறினால் போதும். பஃபர் இல்லாத பழைய ஃபார்மலினில் நாள் கணக்கில் கிடந்தால் டி.என்.ஏ. துண்டுதுண்டாகச் சிதைந்துவிடும். எலும்பிலிருந்து எடுத்த சதைக்கு இன்னொரு ஆபத்து உண்டு: எலும்பை மிருதுவாக்க ஊற்றும் அமிலம் மரபணுவையே அழித்துவிடும். வேறு இடத்திலிருந்து எடுக்க வழி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். வழியில்லையென்றால் அமிலத்துக்குப் பதில் இ.டி.டி.ஏ. என்ற மென்மையான ரசாயனத்தைப் பயன்படுத்தும்படி முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

பயாப்சி படிவத்தில் மருத்துவர் ஒரு வரி சேர்த்தால் பெரிய உதவி: ‘மரபணுச் சோதனைக்குச் சதை மிச்சம் வைக்கவும்.’ அடினோகார்சினோமாவா, ஸ்குவாமஸ் என்ற மற்றொரு பிரிவா என்று பிரிக்க டி.டி.எஃப்-1, பி40 என்ற இரண்டு சாயச் சோதனைகள் பெரும்பாலும் போதும். பத்துப் பன்னிரண்டு சாயங்கள் போட்டுப் பார்த்தால், சதையைப் பதித்து வைக்கும் மெழுகுக் கட்டையில் ஒன்றும் மிஞ்சாது. அந்தக் கட்டையை வேறு ஆய்வகத்துக்கு நீங்களே எடுத்துச் செல்வதானால், அதன் எண்ணும் அறிக்கை எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.

எந்தச் சோதனை கேட்பது

எங்கள் பரிந்துரை, வசதி இருந்தால், பல மரபணுக்களை ஒரே நேரத்தில் படிக்கும் என்.ஜி.எஸ். என்னும் தொகுப்புச் சோதனை. இ.ஜி.எஃப்.ஆர், ஏ.எல்.கே, ராஸ்1, பி-ராஃப், மெட், ரெட், என்.டி.ஆர்.கே, கே-ராஸ், ஹெர்2 எல்லாம் ஒரே துண்டிலிருந்து தெரிந்துவிடும். டி.என்.ஏ. மட்டும் பார்க்கிறார்களா, ஆர்.என்.ஏ.வும் பார்க்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். மரபணுக்கள் ஒட்டிக்கொள்ளும் மாற்றங்களும் மெட் மரபணுவின் எக்சான் 14 என்ற பகுதியில் வரும் மாற்றமும் டி.என்.ஏ. சோதனையில் தப்பிவிடக்கூடும். பணம் போதாவிட்டால் இ.ஜி.எஃப்.ஆர், ஏ.எல்.கே, ராஸ்1, பி.டி.-எல்1 (நோய் எதிர்ப்புச் சிகிச்சை பலன் தருமா என்று கணிக்க உதவும் புரதம்) நான்கையும் தனித்தனியாகவாவது செய்யுங்கள். ராஸ்1 சாயச் சோதனை பாசிட்டிவ் என்றால் ஃபிஷ் (ஒளிரும் குறிகளால் மரபணுவைப் பார்க்கும் சோதனை) அல்லது என்.ஜி.எஸ். மூலம் உறுதிசெய்ய வேண்டும். எளிய பி.சி.ஆர். கிட்டுகள் இ.ஜி.எஃப்.ஆரில் தெரிந்த இடங்களை மட்டுமே தேடுகின்றன. எக்சான் 20 செருகல்களில் பலவற்றை அவை தவறவிடும்.

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது கட்டிச் செல்களின் சதவீதம். 20-க்குக் கீழே இருந்தால் ‘மாற்றம் இல்லை’ என்ற முடிவைச் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ‘போதிய சதை இல்லை’ என்று வந்தால் அது நெகட்டிவ் ஆகாது, சோதனையே நடக்கவில்லை என்றுதான் பொருள். அப்போது இரத்தத்தில் பார்க்கலாம்: செல் உடையாமல் காக்கும் தனிக் குழாயில் 10 மில்லி வீதம் இரண்டு, ஃபிரிட்ஜில் வைக்காமல் அறை வெப்பத்திலேயே அனுப்ப வேண்டும். மாற்றம் தெரிந்தால் நம்பிச் சிகிச்சை தொடங்கலாம். தெரியாவிட்டால் மறுபடி சதைதான்.

அறிக்கை வருவதற்குள் சாய மருந்தோடு மூளை எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுங்கள். பெட் ஸ்கேன் மூளைக்குப் போதாது, இ.ஜி.எஃப்.ஆர், ஏ.எல்.கே நோய்களோ மூளைக்குப் பரவுவது அதிகம்.

காத்திருக்கும் இரண்டு வாரம்

பி.டி.-எல்1 முடிவு சில நாளில் வந்துவிடும், மரபணு முடிவுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். பி.டி.-எல்1 அதிகம் என்று கண்டதும் நோய் எதிர்ப்புச் சிகிச்சை ஊசியைப் போட்டுவிடும் அவசரம் இங்கேதான் வருகிறது. தயவுசெய்து காத்திருங்கள். இ.ஜி.எஃப்.ஆர், ஏ.எல்.கே மாற்றம் உள்ளவர்களுக்கு இந்த ஊசி தனியாகப் பெரிதாக வேலை செய்யாது. அதைப் போட்டபின் சில மாதங்களுக்குள் ஓசிமெர்டினிப் தொடங்கினால் நுரையீரல் அழற்சி கடுமையாக வரும் ஆபத்தும் கூடுகிறது. மூச்சுத்திணறலால் காத்திருக்க முடியாத நிலை என்றால், அந்த ஊசியை விட்டுவிட்டு பெமெட்ரெக்செட், கார்போபிளாட்டின் கீமோ ஒரு சுற்று கொடுத்துச் சமாளிக்கலாம். பெமெட்ரெக்செட்டுக்கு முன் ஃபோலிக் அமில மாத்திரையும் வைட்டமின் பி12 ஊசியும் அவசியம். விட்டால் இரத்த அணுக்கள் மோசமாகக் குறையும்.

முடிவு வந்தபின்

இ.ஜி.எஃப்.ஆரில் எக்சான் 19 நீக்கம் அல்லது எல்858ஆர்: ஓசிமெர்டினிப் தினம் 80 மி.கி. பழைய மாத்திரைகளில் நோய் கட்டுக்குள் நின்ற இடைநிலை (மீடியன்) காலம் 10.2 மாதம், இதில் 18.9 மாதம் என்று ஃபிளாரா ஆய்வு காட்டியது. இதன் மீதான சுங்க வரியை 2024 ஜூலை பட்ஜெட்டில் நீக்கியபிறகும் விலை பலருக்கு எட்டாதது. அவர்களுக்கு நம் நாட்டிலேயே நிரூபித்த மாற்றுவழி உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 350 நோயாளிகளிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஜெஃபிடினிப் 250 மி.கி.யோடு பெமெட்ரெக்செட், கார்போபிளாட்டின் சேர்த்தபோது அந்தக் காலம் 8 மாதத்திலிருந்து 16 மாதமானது. பக்கவிளைவுகளும் கூடின என்பதால் உடல் தெம்பு உள்ளவர்களுக்கே இது பொருந்தும்.

ஏ.எல்.கே: அலெக்டினிப் 600 மி.கி. இருவேளை, உணவோடு, அல்லது லோர்லாடினிப் தினம் 100 மி.கி. லோர்லாடினிப்பில் ஐந்தாண்டு கழித்தும் 60 சதவீதம் பேருக்கு நோய் முன்னேறவில்லை. ராஸ்1, ரெட், மெட், பி-ராஃப் ஒவ்வொன்றுக்கும் தனி மருந்து இருக்கிறது. எந்த மாற்றமும் இல்லாமல் பி.டி.-எல்1 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பெம்ப்ரோலிசுமாப் 200 மி.கி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அதற்குக் கீழே என்றால் பெரும்பாலும் கீமோவும் சேரும். அறுவை சிகிச்சை முடித்தவர்களும் வெட்டியெடுத்த கட்டியைச் சோதிக்க வேண்டும். நோயின் கட்டத்தைப் பொறுத்து, இ.ஜி.எஃப்.ஆர் என்றால் ஓசிமெர்டினிப் மூன்று ஆண்டு, ஏ.எல்.கே என்றால் அலெக்டினிப் இரண்டு ஆண்டு தருவது நோய் திரும்புவதைக் குறைக்கிறது.

மாத்திரை சாப்பிடும்போது

எர்லோடினிப் வெறும் வயிற்றில்: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு அல்லது இரண்டு மணி நேரம் பின்பு. அதோடும் ஜெஃபிடினிப்போடும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற வயிற்றெரிச்சல் மாத்திரைகள் சேர்ந்தால் மருந்து உடலில் சேர்வது குறையும். நம் வீடுகளில் இந்த மாத்திரை கேட்காமலேயே வாங்கப்படுவதால் இதை அழுத்திச் சொல்கிறோம். வலிப்புக்கான ஃபெனிடாய்ன் ஓசிமெர்டினிப்பின் அளவைக் குறைக்கும். நாட்டு மருந்து ஏதும் எடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

முகப்பரு போன்ற தடிப்பு, நகக்கண் வீக்கம், வயிற்றுப்போக்கு ஆகியவற்றைப் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். அலெக்டினிப் என்றால் முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கல்லீரல் சோதனை வேண்டும். லோர்லாடினிப்பில் இரத்தக் கொழுப்பு ஏறும், மனநிலையும் மாறலாம். வீட்டில் உள்ளவர்கள்தான் அதை முதலில் கவனிப்பார்கள். புதிதாக வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. மருத்துவரை அழைத்து, மாத்திரையை நிறுத்திவைத்து, அன்றே சி.டி. எடுக்க வேண்டும்.

மருந்து கேட்காமல் போகும்போது

ஒரே இடத்தில் மட்டும் நோய் வளர்ந்திருந்தால் அங்கே கதிர்வீச்சு கொடுத்து அதே மாத்திரையைத் தொடரலாம். பரவலாக வளர்ந்தால் மறுசோதனை. ஜெஃபிடினிப், எர்லோடினிப் எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு, இ.ஜி.எஃப்.ஆரிலேயே டி790எம் என்ற புதிய மாற்றம் வந்திருக்கும். இரத்தத்திலேயே அது தெரிந்தால் ஓசிமெர்டினிப்புக்கு மாறலாம். ஓசிமெர்டினிப்புக்குப் பிறகு சிலருக்குக் கட்டி சிறுசெல் வகையாகவே உருமாறிவிடுகிறது. இரத்தச் சோதனையை வைத்து அதை உறுதியாகச் சொல்ல முடியாது, அதற்குத் தரும் கீமோவும் வேறு. அதனால் இந்தக் கட்டத்தில் மறுபடி ஊசி போட்டுச் சதை எடுக்க மருத்துவர் சொன்னால் மறுக்காதீர்கள். முதல் பயாப்சியின் மெழுகுக் கட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.