ஓய்வுக்கு முன் ஓய்வூதிய முதலீட்டை மாற்றி அமைத்த விதம்

என் தனியார் ஓய்வூதியக் கணக்கில் ஏறக்குறைய எல்லாமே பங்குகளில் இருந்தது. ஓய்வு நெருங்கும்போது சராசரி லாபத்தைவிட, சரிவு எப்போது வருகிறது என்பதே முக்கியம். 100 ஆக இருந்த நிதி 30% சரிந்தால் 70. பழைய நிலைக்கு வர 43% ஏற வேண்டும். அந்த நேரம் பார்த்துச் செலவுக்கு 5 எடுத்தால் மிச்சம் 65. இப்போது 54% ஏற வேண்டும். சரிவில் விற்ற யூனிட்டுகளுக்கு (நிதியில் நம் பெயரில் உள்ள அலகுகள்) அடுத்த ஏற்றத்தின் பலன் கிடையாது.

அதனால் முதலில் செலவைக் கணக்கிட்டேன். நிலையான வருமானம் போக இந்த நிதியிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு தேவையோ, அதில் இரண்டு ஆண்டுத் தொகையை ரொக்க நிதிக்கும், அடுத்த மூன்று ஆண்டுத் தொகையைக் குறுகிய காலக் கடன் பத்திர நிதிக்கும் காலாண்டுக்குக் கொஞ்சமாக மாற்றினேன். மீதி பங்குகளிலேயே இருக்கிறது. நீண்ட ஓய்வுக்காலத்தில் பணவீக்கத்தை ஈடுகட்ட அது வேண்டும்.

கடன் பத்திரம் என்றாலே பாதுகாப்பு என்று நம்பிவிடாதீர்கள். வட்டி மாறும்போது நிதியின் மதிப்பு எவ்வளவு அசையும் என்பதைக் காட்டும் அளவு டியூரேஷன். அது 8 என்றால், வட்டி 1% ஏறும்போது மதிப்பு சுமார் 8% இறங்கும். 2022இல் பங்குகளும் நீண்ட காலப் பத்திரங்களும் சேர்ந்தே விழுந்தன. நான் டியூரேஷன் 3க்குக் கீழே உள்ளதையே எடுத்தேன்.

கணக்கில் பதிவாகியிருக்கும் ஓய்வு வயதையும் பாருங்கள். தானாகப் பத்திரங்களுக்கு மாற்றும் திட்டங்கள் அதை வைத்தே நகரும். என் கணக்கில் அதைத் திருத்த ஒரு படிவம் போதுமாக இருந்தது. பழைய கணக்குகளை ஒன்றாக்கும் முன் வெளியேறும் கட்டணம், உத்தரவாதப் பலன் இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விட்டுக்கொடுத்த உத்தரவாதம் பொதுவாகத் திரும்பக் கிடைக்காது.