அனுப்பி வைக்க வேறு காடு இல்லை: வன்னியில் காட்டு விலங்குகளைக் காக்கப்போய் நாம் விடும் தவறுகள்

"தம்பி, கம்பி கதைக்குது. கேட்குதோ?"

போன காலபோகத்தில், மார்கழி மழை சற்று விட்ட ஓர் இரவு, வரம்பில் நின்று பக்கத்து வயல்காரர் கேட்டார். காதைக் கொடுத்தேன். யானை வேலியில் 'டிக்... டிக்...' என்று வினாடிக்கு ஒரு தரம் மெல்லிய சத்தம். டோர்ச் அடித்துப் பார்த்தால், கீழ்க்கம்பியில் ஈரப் புல் படர்ந்து கிடக்கிறது. ஒவ்வொரு 'டிக்'குக்கும் புல் நுனியில் ஊசிமுனை அளவு நீலப் பொறி. கம்பியில் ஓட வேண்டிய மின்சாரம் புல் வழியாக நிலத்துக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. காலையில் வெட்டுவோம் என்று விட்டுவிட்டோம். விடிய நாலு மணிக்கு ஒரு தனியன் யானை அதே இடத்தால் உள்ளே வந்து, குடலைப் பருவத்தில் நின்ற நெல்லில் கால் ஏக்கரை முடித்துவிட்டுப் போனது.

வேலி நல்ல வேலிதான். சோலார் தகடு, பற்றரி, துடிப்பு அனுப்பும் பெட்டி எல்லாம் புதிது. ஆனால் அதைப் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டோம். காட்டு விலங்குகளைக் காப்பதற்கு இப்போது வருகிற ஒவ்வொரு கருவியிலும் இந்தத் தவறு நடக்கிறது. அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் உண்டு. யானைக்கும் சிறுத்தைக்கும் உரிய இடம் வேறெங்கோ இருக்கிறது, இங்கே வருவதுதான் பிரச்சினை என்ற எண்ணம்.

2021ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் இலங்கை முழுவதையும் 25 சதுர கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரித்து, அந்தந்தக் கட்டத்தில் வாழும் மக்களிடமே யானை வருகிறதா என்று கேட்டுப் பதிந்தார்கள். நாட்டின் நிலப்பரப்பில் 59.9 வீதத்தில் யானை நடமாட்டம் இருந்தது. அந்த யானை நிலத்திலும் 69.4 வீதத்தில் மனிதர்கள் குடியிருந்தார்கள். அதாவது பெரும்பாலான இடங்களில் யானையும் நாமும் ஒரே ஊர்க்காரர்கள். வன்னியில் இருப்பவர்களுக்கு இது புதினம் இல்லை. போரால் நாங்கள் இடம்பெயர்ந்து போயிருந்த வருடங்களில் வயலெல்லாம் பற்றைக்காடானது. ஓங்கி வளர்ந்த பாலையும் வீரையும் நிற்கிற காட்டில் யானைக்கு எட்டுகிற தீனி குறைவு, பற்றைக்காட்டில்தான் அதிகம். 2009க்குப் பிறகு நாங்கள் மீளக் குடியேறியபோது அந்தப் பற்றைகளில் ஏற்கெனவே குடியிருந்தவை யானைகள்.

இதை மறந்துவிட்டு எடுக்கிற முதல் முடிவு, 'அந்த ஒரு யானையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுங்கள்' என்பது. வீடு உடைந்த ஆத்திரத்தில் யாரும் கேட்பார்கள், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அப்படிப் பிடித்துத் தேசிய பூங்காக்களில் விடப்பட்ட 12 ஆண் யானைகளுக்குக் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டி பூட்டி, இலங்கையில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முடிவு 2012இல் வெளியானது. இரண்டு யானைகள் விட்ட பூங்காவுக்குள்ளேயே கொல்லப்பட்டன. மற்றவை எல்லாம் பூங்காவை விட்டு வெளியேறின. சில தங்கள் பழைய இடத்தைத் தேடி நடந்தன, சில ஊர் ஊராக அலைந்தன, சில புதிய இடத்தில் தங்கிக்கொண்டன. போன வழியெல்லாம் மனிதரோடு மோதல் கூடியது, யானைச் சாவும் கூடியது. எங்கள் ஊர்த் தொல்லையை வேறொரு ஊர் வாசலில் இறக்கிவிடுகிறோம் என்பதை அந்தப் பட்டிகள்தான் காட்டின.

கூட்டமாகக் கலைத்துக் காட்டுக்குள் அடைப்பதும் இதே தவறின் இன்னொரு முகம். யானை வெடியோடும் வாகனங்களோடும் போய்க் கலைக்கும்போது முதலில் ஓடுவது குட்டி வைத்திருக்கிற தாய்க் கூட்டம். பயிரை அதிகம் மேய்கிற தனியன்கள் ஒளித்து நின்று திரும்பி வரும், முன்பைவிட மூர்க்கமாகவும் வரும். உள்ளே அடைபட்ட கூட்டமோ தீனி போதாமல் மெலியும். வெடியும் அப்படித்தான். முதல் கிழமை பயந்து ஓடும், மூன்றாம் கிழமை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேயும். வெடி போட வேண்டி வந்தால், அது ஓடுவதற்கு ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போடுங்கள். நாலு பக்கமும் வெளிச்சம் பிடித்து நிற்கிற இடத்தில் யானைக்கு இருக்கிற ஒரே வழி ஆட்களுக்கு நடுவால்தான்.

வேலியில் விடுகிற பிழைகள்

வேலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பணமும் நம்பிக்கையும் அதிகம் போவது அங்கேதான்.

முதல் பிழை, போடுகிற இடம். வனஜீவராசிகள் திணைக்களத்தின் நிலம் முடிகிற இடத்தில் பல வேளை வன இலாகாவின் நிலம் தொடங்குகிறது. அந்த எல்லைக்கோட்டில் வேலி போட்டால் இரண்டு பக்கமும் காடு, இரண்டு பக்கமும் யானை. பக்கத்தில் ஆள் குடியிருப்பும் இல்லை. எங்கே கம்பி அறுந்தது, எந்தக் கட்டை சாய்ந்தது என்று பார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள்? வேலியை ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் போட வேண்டும் என்பதுதான் குருநாகல் மாவட்டத்தின் கல்கமுவப் பக்கத்தில் செய்து பார்த்த அனுபவம். ஊர் வேலி நிரந்தரமாக நிற்கும். வயல் வேலியை விதைப்போடு போட்டு, அருவி வெட்டு முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். பிறகு வெட்டின நெல் தாளையும் வரம்புப் புல்லையும் வறட்சிக் காலத்தில் யானை மேயலாம். அதற்கும் வாழ வழி வேண்டுமே.

இரண்டாவது, பராமரிப்பு. நல்ல வேலியில் 5,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும். ஆனால் ஒவ்வொரு துடிப்பும் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை விடக் குறைந்த நேரம்தான் நீடிக்கும், அதனால்தான் அது அடிக்கும், கொல்லாது. அந்த வலியை யானை மறக்காமல் இருக்கும்வரைதான் வேலிக்கு மதிப்பு. புல் படர்ந்தும் கிளை விழுந்தும் மின்சாரம் ஒழுகிப்போனால், தொட்டுப் பார்க்கிற யானை இது வெறும் நூல் என்று கற்றுக்கொள்ளும். தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதும் கொம்பனுக்குத் தெரிந்துவிடும். மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒருமுறையாவது கீழ்க்கம்பியின் அடிப் புல்லைச் செருக்கி எடுங்கள். வறட்சியில் பிரச்சினை வேறு: நிலம் காய்ந்தால் 'ஏர்த்' கம்பி வேலை செய்யாது, அதன் அடியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அளந்து பார்க்கிற சின்னக் கருவி ஒன்று கமக்காரர் அமைப்பிடம் கட்டாயம் இருக்கட்டும். யார் எந்த நாள் அளப்பது என்று பெயர் போட்டு எழுதி வைப்பது வேலி போடுவதற்கு முன்பே நடக்க வேண்டிய காரியம். நாங்கள் அதைப் பின்னால்தான் செய்தோம், கால் ஏக்கர் போன பிறகு.

மூன்றாவது பிழையைப் பிழை என்று சொன்னால் போதாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொழுவுவது குற்றம். 230 வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம். அது விட்டு விட்டுப் போகாமல் தொடர்ந்து பாயும். தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும், கையை எடுக்க முடியாது. இரவு யானைக்கு என்று கொழுவிய கம்பியில் விடியப் போகும் உயிர் வீட்டுப் பிள்ளையினுடையதாகவும் இருக்கலாம்.

நெல் மூட்டையைப் படுக்கிற அறையில் அடுக்குவதும் விட வேண்டிய பழக்கம். யானைக்கு மோப்பம் மிக அதிகம். சுவரை உடைப்பது நெல்லுக்காகவும் உப்புக்காகவும், ஆனால் சுவர் விழுவது பக்கத்தில் படுத்திருக்கிற ஆச்சியின் மேல். ஆட்கள் படுக்காத இடத்தில் ஒரு சின்னக் களஞ்சியம் வைத்தால் உயிராவது தப்பும்.

பன்றிக்கு வைத்தது

பன்றிக்குத்தான் வைத்தோம் என்று சொல்லாத ஊர் இல்லை. பூசணிக்காய்க்குள் வைக்கிற வாய்வெடியைக் குட்டி யானை கடித்தால் தாடை சிதறும், தின்ன முடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். சைக்கிள் பிறேக் கம்பியில் செய்த சுருக்கு பன்றியை மட்டும் தேர்ந்து பிடிக்காது. இலங்கையில் சிறுத்தைகள் சாவதற்கு முக்கிய காரணங்களில் ஒன்று இந்தச் சுருக்கு. சுருக்கில் இடுப்பு மாட்டிய சிறுத்தையைக் கண்டால் அறுத்துவிட நீங்கள் போகாதீர்கள். 1992 என்ற வனஜீவராசிகள் அவசர இலக்கத்துக்கு அழையுங்கள், ஆட்களை விலக்குங்கள்.

விலக்குவதுதான் கடினம். 2018 ஆனி மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தை பத்துப் பேர் வரை காயப்படுத்தியது, கடைசியில் அடித்துக் கொல்லப்பட்டது. காயப்பட்டவர்களின் வலி உண்மையானது, அவர்கள் பயந்ததில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் சிறுத்தை ஒளித்திருக்கிற பற்றையைச் சுற்றிச் சனம் கூடினால் அதற்குப் போக வழி இல்லாமல் போகிறது. மயக்க ஊசி போட்டாலும் மருந்து வேலை செய்யச் சில நிமிடம் வேண்டும், சத்தத்திலும் பதற்றத்திலும் இன்னும் பிந்தும். ஒரு பக்கத்தைத் திறந்து விட்டு, பிள்ளைகளையும் நாய்களையும் வீட்டுக்குள் எடுத்து, கைத்தொலைபேசியில் படம் பிடிக்கிறவர்களை வீதிக்கு அனுப்பினாலே பாதி ஆபத்து குறையும். இன்னொன்று, குளக்கரையில் காண்கிற புள்ளி போட்ட எல்லாம் சிறுத்தைக் குட்டி அல்ல. மீன்பிடிப் பூனைதான் பல இடங்களில் அந்தப் பெயரில் அடிபடுகிறது. அதுவும் சட்டத்தால் காக்கப்பட்ட விலங்கு.

கமராவும் கைத்தொலைபேசியும்

தானியங்கிக் கமரா நல்ல கருவி. இளம் பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்கிறார்கள், எனக்கும் சந்தோஷம். திணைக்கள அனுமதி இல்லாமல் காட்டுக்குள் வைக்க வேண்டாம். மிதிவெடி அகற்றி முடிந்தது என்று உறுதியாகத் தெரியாத இடத்துக்குள் எந்தப் படத்துக்காகவும் கால் வைக்க வேண்டாம். சிவப்பு மண்டையோட்டுப் பலகையை மரம் மறைத்திருக்கலாம், பழைய ஆட்களைக் கேளுங்கள்.

வைக்கும்போது முழங்கால் உயரத்தில், சூரியன் எழுகிற திசையையும் விழுகிற திசையையும் பார்க்காமல் வையுங்கள். முன்னால் நிற்கிற புல்லை வெட்டாமல் விட்டால் காற்றுக்குப் புல் ஆடி ஆயிரக்கணக்கில் வெறும் படம் விழும். சிறுத்தையை எண்ண வேண்டுமென்றால் ஒரு கமரா போதாது. அதன் இடப் பக்கப் புள்ளிகள் வேறு, வலப் பக்கப் புள்ளிகள் வேறு, ஆகவே பாதையின் இரு பக்கமும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே சிறுத்தை இரண்டாகிவிடும். படங்களைப் பிரிக்கச் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. வெறும் படத்தையும் விலங்குப் படத்தையும் பிரிப்பதில் அது கெட்டிக்காரன்தான். இனம் சொல்லும்போது மட்டும் இந்தக் காட்டை அறிந்த ஒருவரின் கண் பட்ட பிறகே எழுதுங்கள். விறகு பொறுக்கப் போன பெண்களின் படம் விழுந்தால் அழித்துவிடுங்கள். அந்தப் படம் ஒருமுறை வெளியே போனால் ஊர் உங்களை நம்பாது, அப்புறம் கமராவும் மிஞ்சாது.

அழுங்கை, அதாவது செதில் போர்த்த எறும்புதின்னியைக் கண்டால் பேஸ்புக்கில் போடாதீர்கள். எவ்வளவு அரிது என்று மகிழ்ந்து போடுகிற படமே இறைச்சிக்கும் செதிலுக்கும் தேடுகிறவனுக்கு வழிகாட்டும். அழுங்கு ஒரு தரத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான் போடும், போனதை ஈடுகட்ட அதற்கு வருடங்கள் தேவை. பதிவு செய்ய விருப்பமென்றால் ஐ-நேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் பதியுங்கள். ஆபத்தில் இருக்கிற இனங்களின் சரியான இடத்தை அது மறைத்தே காட்டும். மன்னார் வங்காலையில் பூநாரைகள் இறங்கியிருக்கும்போது ட்ரோன் பறக்க விடுவதும் வேண்டாம். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2010இல் சேர்ந்த இடம் அது. தூரப் பயணம் வந்து மேய்கிற பறவையை ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அது சேர்த்த கொழுப்பைத்தான் எரிக்கிறோம்.

எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிடம், அவரவர் காணியில் நிற்கிற குரங்கு, மயில் போன்றவற்றை எண்ணும்படி அரசாங்கம் சொன்னது. எங்கள் ஒழுங்கையிலும் எல்லாரும் உண்மையாகவே எண்ணினோம். ஒரே குரங்குக் கூட்டம் மூன்று வீட்டு மதிலில் ஓடியது, மூன்று வீட்டிலும் எழுதினார்கள். இரவில் மேய்கிற பன்றியோ அந்த நேரம் பற்றைக்குள் படுத்திருக்கும், எண்ணிக்கையில் அகப்படாது. பயிர்ச்சேதத்தை நாள், இடம், எத்தனை பரப்பு என்று வருடம் முழுக்க ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தால் அதை வைத்துத் திட்டம் போடலாம். எங்கள் கமக்காரர் அமைப்பு அப்படி ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறது. அதிலிருந்துதான் எந்த மூலைக்கு முதலில் வேலி தேவை என்று இந்த முறை முடிவெடுத்தோம்.

மாசியில் அருவி வெட்டி முடித்து, மூன்று நாள் நின்று கம்பியைச் சுருட்டிக் களஞ்சியத்தில் வைத்தோம். நாலாம் நாள் காலை வெட்டின வயலில் இலத்தியும் தடமும். ஆறு பெரிய தடம், அவற்றோடு ஒட்டி ஒட்டித் தேங்காய்ச் சிரட்டை அளவில் ஒரு சின்னத் தடம். பக்கத்து வயல்காரர் குந்தி இருந்து அதைப் பார்த்துவிட்டு, கொப்பியில் தேதியைப் போட்டு, சேதம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினார்.