லயம் பிடிபட ஒரு கைமேளம்: பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும்

பாடும்போதும் வயலின், கிடார் வாசிக்கும்போதும் காலப்பிரமாணம் (எடுத்த வேகத்தைச் சீராகக் காப்பது) நழுவுவது பலருக்குத் தெரிவதே இல்லை. காது முழுக்கச் சுருதியிலேயே இருப்பதால் தாளத்தில் விழும் ஓட்டை மறைந்துவிடுகிறது. கைமேளத்தில் அந்த மறைப்பு கிடையாது. அடி முந்தினாலும் பிந்தினாலும் உடனே கேட்டுவிடும். தினமும் 15 நிமிடம் ஒதுக்கினால் போதும்.

தொடங்குவதற்கு, வெறுங்கையால் வாசிக்கும் மேற்கு ஆப்பிரிக்க மேளமான ஜெம்பே வசதியானது. உட்கார்ந்து, தொடைகளுக்கு நடுவே பிடித்து, மேல்வாய் உங்களை விட்டு முன்பக்கம் சாயும்படி வையுங்கள். அடிவாய் தரையோடு ஒட்டி மூடிக்கொண்டால் கனத்த நாதம் அடங்கிப்போகும். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். உள்ளங்கை முழுவதும் தோலின் நடுவில் பட்டு உடனே எழும்பினால் கனத்த ஓசை. விரல்களைச் சேர்த்து விளிம்போரம் தட்டினால் திறந்த ஓசை. அதே இடத்தில் விரல்களைத் தளர்த்தி, நுனிகள் சுண்டுவதுபோல விழுந்தால் கூர்மையான ஓசை. கூர்மை வரவில்லை என்று பலத்தைக் கூட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. விரல்கள் விறைத்திருப்பதால்தான் அது வருவதில்லை. மணிக்கட்டு வலித்தால் நிறுத்துங்கள். கை துள்ளி எழாமல் தோலிலேயே அழுந்துகிறது என்று பொருள்.

சீராகத் தட்டொலி தரும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு ‘தகதிமி’ என்று முதலில் வாயால் சொல்லுங்கள். வாயில் நின்ற பிறகு கைக்கு வாருங்கள்: வலது, இடது, வலது, இடது. பிறகு அழுத்தத்தை இரண்டாம் எழுத்துக்கும், மூன்றாவதுக்கும், நான்காவதுக்கும் மாற்றிக்கொண்டே போங்கள். இரண்டிலும் நான்கிலும் அழுத்தம் வரும்போதுதான் பெரும்பாலும் வேகம் கூடும். அழுந்திய எழுத்தையே தட்டின் தொடக்கமாகக் கை எடுத்துக்கொள்வதுதான் காரணம். பாதம் தரையில் தட்டோடு விழுந்துகொண்டே இருக்கட்டும். 50-க்கு இறக்கி மறுபடி செய்யுங்கள்.

அடுத்தது, எங்கள் கணிப்பில் இருப்பதிலேயே பலன் மிக்கது. மறுபடி 60-க்கு வந்து, உங்கள் வேகத்தை மாற்றாமல் மெட்ரோனோமை மட்டும் 30-க்கு இறக்குங்கள். இப்போது இரண்டு தகதிமிக்கு ஒரு தட்டுதான் கேட்கும். தட்டு வருவதற்கு முன்பே நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டால், இடைப்பட்ட மௌனத்தில் ஓடுகிறீர்கள். நீண்ட கார்வையை (ஒரே ஸ்வரத்தை நீட்டி நிறுத்துவதை) பாதியில் விட்டுவிடும் பாடகர்களுக்கு இருப்பது இதே கோளாறுதான். உள்ளுக்குள் தகதிமி ஓடிக்கொண்டிருந்தால் கார்வை தன் முழு நீளம் நிற்கும்.

அது கைவந்ததும் ‘தக’, ‘தகிட’, ‘தகதிமி’ மூன்றையும் ஒரே தட்டுக்குள் மாற்றி மாற்றி வாசியுங்கள். தகிடவில் எழுத்துகளுக்கு நடுவே தகதிமியைவிட இடைவெளி கூடவேண்டும். பாதத்தின் வேகம் மாறக்கூடாது. பிறகு நான்கு தகதிமி நேரத்தை 16 மாத்திரையாக (ஒரு எழுத்துக்கு ஒரு மாத்திரை) வைத்துக்கொண்டு, முதல் மாத்திரையை மௌனமாக விட்டு, ஐந்தெழுத்து ‘ததிகிணதொம்’ மூன்று முறை. அந்த 15 மாத்திரை முடிந்ததும் அடுத்தது சமம், அதாவது அடுத்த சுற்றின் தொடக்கம். சமம் தப்பினால் வேகத்தை நோண்டவேண்டாம். முதல் மௌனம் முழுசாக இருந்ததா என்று பாருங்கள்.

இதையெல்லாம் அன்றைக்கே உங்கள் வாத்தியத்துக்குக் கொண்டுபோகவேண்டும், இல்லாவிட்டால் மேளத்தோடு தங்கிவிடும். தடுமாறும் சங்கதி (பாட்டின் ஒரு வரியை மெருகேற்றிப் பாடும் வடிவம்) ஒன்றை எடுத்து, ஸ்வரங்களை விட்டுவிட்டு அதன் தாள அமைப்பை மட்டும் மேளத்தில் தட்டுங்கள். கை தடுமாறாமல் ஐந்து முறை வந்த பிறகு பாடுங்கள். அப்போதும் அதே இடத்தில் சறுக்கினால், சிக்கல் லயத்தில் இல்லை. விரலிலோ மூச்சிலோ இருக்கிறது. எதைத் திருத்துவது என்று இவ்வளவு சுலபமாகக் காட்டித்தரும் வழி வேறு இல்லை.

மேளக்காரர்களுக்கு இதன் மறுபக்கமாக ஸ்வரப் பயிற்சி உண்டு. கீபோர்டில் ஒரு ஸ்வரத்தை அழுத்துவதற்கு முன் அதை வாயால் பாடி, பிறகு அழுத்திச் சரிபாருங்கள். பாட்டின் வரி எங்கே மூச்சு விடுகிறது என்பது காதில் பட ஆரம்பிக்கும். அந்த இடங்களை அடிகளால் நிரப்பாமல் விடுவதும் கைவரும்.

வாரம் ஒருமுறை இரண்டு நிமிட வாசிப்பை ஃபோனில் பதிவுசெய்து, மறுநாள் மெட்ரோனோமோடு சேர்த்துக் கேளுங்கள். வாசிக்கும்போதே எல்லாப் பிழையும் பிடிபடாது.